மரபணு திருத்திய கணையத் திட்டுகள்: செய்தியை எடைபோட ஒரு வழிகாட்டி

ஸ்வீடனில் ஒருவருக்கு மரபணு திருத்திய செல்களைக் கையில் ஊசியாகப் போட்டார்கள், அவருடைய உடலில் மறுபடியும் இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி 2025 ஆகஸ்டில் வெளியானது. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அது வந்து சேர்ந்தது. செய்தி உண்மைதான். அதன் வாலில் யாரோ ஒட்டிய “இனி ஊசியே வேண்டாம்” என்ற வரிதான் பொய். இப்படிப்பட்ட செய்திகள் இனியும் வரும். அவை வரும்போது எந்த வரியை நம்பலாம், எந்த வரியை ஒதுக்கலாம், மருத்துவரிடம் எதைக் கேட்கலாம் என்பதை மருத்துவப் படிப்பு இல்லாதவரும் தாமே தீர்மானித்துக்கொள்ள முடியும். அதற்கு இரண்டு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்: செலுத்திய செல்கள் எத்தனை? அவற்றை உடலின் எதிர்ப்பு சக்தியிடமிருந்து காப்பது எது?

எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

நம் பகுதியில் “சுகர்” என்று சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களுடைய கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. கணையத்தில் திட்டுகளாகக் கிடக்கும், இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிறரிடமிருந்து எடுத்துச் செலுத்தும் திட்டு செல் மாற்று சிகிச்சை அவர்களை நோக்கி உருவாக்கப்பட்டது அன்று. ஆகவே ஐம்பது வயதில் சர்க்கரை வந்து மாத்திரை சாப்பிடும் சித்தப்பாவுக்கு இந்தச் செய்தியை அனுப்பி ஆசை காட்ட வேண்டாம்.

முதல் வகையில் நடப்பது வேறு. உடலின் எதிர்ப்பு சக்தி, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தானே தேடி அழித்துவிடுகிறது. எந்த வகை என்பதில் ஐயம் இருந்தால் சி-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பீட்டா செல் இன்சுலினை உருவாக்கும்போது ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறுக்கும் ஒரு சி-பெப்டைட் மூலக்கூறு பிரிந்து வெளிவருகிறது. நாம் ஊசியில் போடும் இன்சுலினில் அது இல்லை. எனவே இரத்தத்தில் சி-பெப்டைட் இருந்தால் அது உடலுக்குள் இருக்கும் செல்கள் செய்த வேலை என்பதில் சந்தேகமில்லை. மாற்று சிகிச்சை ஆய்வுகள் எல்லாமே இதே அளவைத்தான் நம்பியிருப்பதால், பின்னால் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ளவும் இந்த ஒரு சொல் தேவைப்படும்.

தென்னிந்தியாவில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. கணையத்தில் கற்கள் படிந்து, தீராத வயிற்றுவலியோடு சர்க்கரையும் வந்தவர்கள் அவர்கள். வலி தாங்க முடியாத நிலையில் கணையத்தையே அகற்றி, அதிலிருந்து பிரித்தெடுத்த திட்டுகளை அதே நோயாளியின் கல்லீரலுக்குள் செலுத்தும் அறுவை சிகிச்சையை 1977இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கினார்கள். சொந்த செல்கள் என்பதால் அங்கே நிராகரிப்பு என்ற பிரச்சினையே எழாது. அது தனிக் கதை. இங்கே நம் பேச்சு பிறருடைய செல்களைப் பற்றியது.

செல்கள் எங்கெங்கே தொலைகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

1869இல் பால் லாங்கர்ஹான் என்ற ஜெர்மானிய மாணவர் கணையத்தில் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்த செல் கூட்டங்களைக் கண்டு எழுதினார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த லாங்கர்ஹான் திட்டுகள் அவைதாம். வளர்ந்தவரின் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் இருக்கும். ஆனாலும் எடையில் அவை கணையத்தின் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. மூளைச்சாவு அடைந்தவரின் கணையத்தை நொதியால் கரைத்து, மீதமுள்ள திசுவிலிருந்து இந்தத் திட்டுகளைச் சேதமில்லாமல் பிரிக்கும் முறையைக் கமிலோ ரிக்கார்டி 1988இல் செம்மைப்படுத்தினார். பிரித்த திட்டுகளை ஒரு திரவத்தில் கலந்து, கல்லீரலுக்குள் செல்லும் போர்ட்டல் சிரை வழியாக மெல்ல இறக்குகிறார்கள். வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. திட்டுகள் கல்லீரலின் நுண்குழாய்களில் தங்கி, அங்கிருந்தபடியே சர்க்கரையை அளந்து இன்சுலினைச் சுரக்கின்றன.

2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷபீரோவின் குழு இந்த முறையில் 7 பேரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததாக அறிவித்தபோது உலகம் முழுவதும் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே குழு வெளியிட்ட கணக்கைப் படித்தவர்கள் குறைவு. அதன்படி ஐந்தாம் ஆண்டில் ஊசியே இல்லாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம். ஆனால் 80 சதவீதம் பேருக்குச் சி-பெப்டைட் இன்னும் இருந்தது. செல்கள் உயிரோடுதான் இருந்தன, போதுமான அளவு இல்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். “செல்கள் வேலை செய்கின்றன” என்பதும் “ஊசியை நிறுத்திவிட்டார்” என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

செல்கள் ஏன் குறைகின்றன? முதல் இழப்பு முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரத்தத்தை நேரடியாகத் தொட்டுப் பழகாத திட்டுகள் இரத்த ஓட்டத்தில் விழுந்தவுடன் அவற்றைச் சுற்றி இரத்தம் உறைந்து, அழற்சி கிளம்புகிறது. செலுத்தியதில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடும். தப்பியவற்றுக்கும் புதிய இரத்தக்குழாய்கள் வளர்ந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவை உயிர்க்காற்றுப் பற்றாக்குறையில் தவிக்கின்றன. இரண்டாவது இழப்பு எதிர்ப்பு சக்தியால் வருவது. இங்கே தாக்குதல் இருமுனையில் நடக்கிறது: அயலாரின் செல் என்பதற்காக ஒன்று, பீட்டா செல் என்பதற்காகவே இன்னொன்று. முதல் வகை நோயாளியின் உடல் தன் சொந்தப் பீட்டா செல்லையே பொறுத்துக்கொள்ளாதது அல்லவா? மூன்றாவது இழப்பைச் சிலர் பேசுவதே இல்லை: நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் பீட்டா செல்லுக்கும் சிறுநீரகத்துக்கும் தாமே தீங்கு செய்பவை.

இந்த இழப்புகளை ஈடுகட்டவே உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10,000 திட்டுகள் என்ற கணக்கில் செலுத்த வேண்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 லட்சம். ஒரு கணையத்தைக் கரைத்து அவ்வளவும் எடுப்பது அரிது என்பதால் ஒரு நோயாளிக்கே இரண்டு, மூன்று கொடையாளிகள் தேவைப்பட்டார்கள்.

மரபணு எந்த இழப்பைத் தடுக்கிறது என்று கேளுங்கள்

மரபணு சிகிச்சை இங்கே தனி மருந்தாக வரவில்லை. மாற்று சிகிச்சையின் இழப்புகளில் ஏதேனும் ஒன்றைக் குறைக்கும் துணையாகவே அது வருகிறது. ஆகவே எந்தச் செய்தியைப் படித்தாலும், மேலே சொன்ன மூன்றில் எதற்கான மருந்து இது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆய்வகங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் முயற்சிகளில் பெரும்பகுதி முதல் இழப்பைக் குறிவைத்தவை. செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் வினையைத் தடுக்கும் மரபணுவைச் சேர்ப்பது, புதிய இரத்தக்குழாய்களை அழைக்கும் புரதத்தின் மரபணுவைச் சேர்ப்பது, அழற்சியைத் தணிக்கும் புரதத்தைத் திட்டுக்கே கற்றுக்கொடுப்பது ஆகியவை எல்லாம் எலியில் நல்ல பலன் தந்தன. எலியில் சர்க்கரை சரியானது என்ற செய்தி வந்தால் மகிழுங்கள், ஆனால் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். எலிக்குத் தேவைப்படும் திட்டுகள் சில நூறு. சோதனை எலிகள் பலவற்றில் எதிர்ப்பு சக்தியே இல்லாதபடி வளர்க்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க, நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு திட்டில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை செல்கள் திரண்டிருப்பதால் வைரஸ் மேலடுக்கை மட்டுமே எளிதாகத் தொடுகிறது; உள்ளே இருப்பவை மாறாமல் நின்றுவிடுகின்றன. அதனால் இப்போது திட்டைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, திருத்தி, மறுபடியும் உருண்டையாகச் சேரவிடுகிறார்கள். இந்த வேலை முழுவதும் குடுவையில் நடப்பது நோயாளிக்கு ஒரு பாதுகாப்பு. நேராக உடலுக்குள் வைரஸைச் செலுத்திய ஒரு மரபணு சிகிச்சை ஆய்வில் 1999இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். குடுவையில் நடப்பதாலேயே எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. சேர்த்த மரபணு தவறான இடத்தில் பதிந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம்; எதிர்ப்பு சக்தியின்றிப் பிறந்த குழந்தைகளுக்குப் பாரிஸில் குடுவையில் திருத்திய செல்களைக் கொடுத்த சிகிச்சையில் அப்படி இரத்தப் புற்றுநோய் வந்தது 2002இல் தெரியவந்தது.

இரண்டாவது இழப்பைத் தடுப்பதுதான் இன்றைய பரபரப்புக்குக் காரணம். நம் செல்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் அடையாள அட்டை போல நிற்கின்றன. அயலாரின் அட்டையைக் கண்டதும் எதிர்ப்பு சக்தியின் படையான டி செல்கள் பாய்கின்றன. கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் பி2எம், சிஐஐடிஏ என்ற இரண்டு மரபணுக்களை முடக்கினால் அட்டையே இல்லாமல் போகும். ஆனால் அட்டை இல்லாத செல்லைச் சந்தேகித்துக் கொல்லவென்றே என்.கே. செல்கள் என்று ஒரு படை உடலில் இருக்கிறது. அதைத் தடுக்க, “என்னை விழுங்காதே” என்று அறிவிக்கும் சிடி47 என்ற புரதத்தின் மரபணுவைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஆக மொத்தம் மூன்று திருத்தங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் செல் பிழைக்காது என்பதை அடுத்து வரும் ஆய்வே காட்டியது.

உப்சாலா செய்தியை இப்படிப் படியுங்கள்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், 2024 டிசம்பரில், பெர்-ஊலா கார்ல்சனின் குழு 42 வயது ஆண் ஒருவருக்கு அமெரிக்காவின் சானா நிறுவனம் உருவாக்கிய முறையில் திருத்திய திட்டு செல்களைச் செலுத்தியது. அவருக்கு ஐந்து வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. சி-பெப்டைட் அளக்கவே முடியாத நிலை. செல்கள் இறந்த கொடையாளி ஒருவருடையவை. இடம் கல்லீரல் அன்று, முன்கைத் தசை, 17 ஊசிகள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. 12 வாரங்கள் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்தன. உணவுக்குப் பின் சி-பெப்டைட் உயர்ந்தது.

இப்போது நம் இரண்டு கேள்விகளை இதன்மேல் வையுங்கள். காப்பது எது? திருத்தம் மட்டுமே, மருந்து இல்லை. இதுதான் இந்த ஆய்வின் உண்மையான சாதனை. செலுத்திய கலவையில் எல்லாச் செல்களும் முழுமையாகத் திருந்தியிருக்கவில்லை என்பது ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது: திருந்தாதவற்றையும் அரைகுறையாகத் திருந்தியவற்றையும் அந்த மனிதரின் உடல் தாக்கி அழித்தது, மூன்று திருத்தங்களும் பெற்றவற்றை விட்டுவிட்டது. ஒரே உடலுக்குள் சோதனையும் ஒப்பீடும் நடந்தேறின. அடுத்த கேள்வி, எத்தனை? ஏறத்தாழ 8 கோடி செல்கள். எண் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஊசியை நிறுத்தத் தேவைப்படுவதில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதுகாப்பைப் பார்க்கவே வேண்டுமென்று குறைவாகச் செலுத்தினார்கள். அதனால் அவர் இன்சுலின் போடுவதை நிறுத்தவில்லை. வாட்ஸ்அப் வரி வழுக்கி விழும் இடம் இதுதான். அதோடு, ஒரே ஒரு மனிதர் என்பதையும் மறக்கக் கூடாது.

இதன் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஜிமிஸ்லெசெல். வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகள் அவை. கொடையாளிக்காகக் காத்திருக்க வேண்டாம். முழு அளவு செலுத்தப்பட்ட 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025 ஜூனில் முடிவு வெளியானது. எண்ணிக்கைப் பிரச்சினை ஏறத்தாழ தீர்ந்துவிட்டது. காவல் பிரச்சினை தீரவில்லை: அவர்கள் எல்லோரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தார்கள், அந்த ஆய்வில் நிகழ்ந்த இரண்டு மரணங்களில் ஒன்று பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல். ஒரு குழு எண்ணிக்கையை வென்றது, இன்னொரு குழு காவலை வென்றது. ஒரே நோயாளியிடம் இரண்டையும் சாதித்ததாக ஒரு செய்தி வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். அப்போதும் மற்றொன்றைக் கேட்க மறக்காதீர்கள்: எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்கே தெரியாத செல் நாளை புற்றாக மாறினால் அதை எப்படி அழிப்பார்கள்? சிடி47ஐ மறைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினால் அந்தச் செல்கள் மறுபடியும் தாக்குதலுக்கு ஆளாகின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. இப்படி ஒரு பதில் கையில் இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

இங்கே, இப்போது செய்ய வேண்டியவை

கொடையாளித் திட்டுகளைக் கொண்டு செய்யும் சிகிச்சையில் அமெரிக்க அரசு முறைப்படி அனுமதித்த முதலாவது, லான்டிட்ரா. 2023 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதுவும் வளர்ந்தவர்களுக்கு மட்டும். அவர்களிலும், எவ்வளவு கவனமாக இருந்தும் கடுமையான தாழ்சர்க்கரை திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மட்டும். ஜிமிஸ்லெசெல் ஆய்விலும் குழந்தைகள் இல்லை. எனவே பத்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் இன்று தேட வேண்டியது இடம் அன்று, காலம். பிள்ளை பெரியவனாகும்போது இந்தச் சிகிச்சைக்குத் தகுதியோடு இருக்க வேண்டும் என்பதே இலக்கு. சிறுநீரகம் கெட்டவர்களை இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் அல்புமின் பரிசோதனை, கண் பரிசோதனை, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி கணக்கு ஆகியவற்றைத் தவறவிடாமல் ஒரே கோப்பில் தேதிவாரியாக வையுங்கள். இந்தச் சீட்டுகளைத் தொலைப்பதில் நம் வீடுகளுக்கு நிகர் யாருமில்லை.

வளர்ந்தவர்களின் நிலை வேறு. காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போகிறவர், துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர், எண்ணூர் சாலையில் இரவில் லாரி ஓட்டுகிறவர் ஆகியோரில் ஒருவருக்கு வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாமலே சர்க்கரை 54 மி.கி.க்குக் கீழே இறங்கி நினைவு தப்புகிறது என்றால், அது உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. ஒவ்வொரு நிகழ்வையும் நேரம், அளவு, யார் உதவினார்கள் என்ற விவரத்தோடு எழுதி வையுங்கள். எதிர்காலத்தில் திட்டு மாற்றுக்குத் தகுதியா என்பதைத் தீர்மானிப்பதில் இந்தக் குறிப்பே முதல் சான்று. அதற்கு முன்பே, இன்சுலின் வகையை மாற்றுவதாலும் தொடர் சர்க்கரை மானியாலும் பலருக்கு இந்த ஆபத்து குறைகிறது.

கேள்விகளை எங்கே கொண்டுபோவது என்பதில் வடசென்னைக்காரர்களுக்குக் குறையில்லை. பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை இராயபுரத்திலேயே இருக்கிறது. இங்குள்ள நீரிழிவு மருத்துவரிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தியைக் காட்டி விளக்கம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்கும்போது இரண்டு உள்ளூர்க் கவலைகளையும் சேர்த்துக் கேளுங்கள். நம் ஊரில் காசநோய்க் கிருமி பலருடைய உடலில் உறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கினால் அது விழித்துக்கொள்ளும். மருந்தே தேவைப்படாத திருத்திய செல்கள் கனடாக்காரரைவிட நமக்கு அதிகம் பயன்படும் என்று நான் கருதுவது இதனால்தான். இன்னொன்று, மாற்றிய திட்டுகள் தோற்றுப்போனால் அந்தக் கொடையாளியின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான பொருள்கள் இரத்தத்தில் உருவாகி நிற்கும். பின்னால் சிறுநீரக மாற்று தேவைப்பட்டால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது அதனால் கடினமாகலாம்.

“ஸ்டெம் செல் ஊசியால் சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு” என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் அதில் பதியப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சில தேவைகள் தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை அளிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்பதில்லை. மரபணு சிகிச்சைக்கென்று 2019இல் தனி வழிகாட்டுதலும் வெளியானது. முறையான ஆய்வில் சேருபவர் அந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுப்பதில்லை. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள் கூறுகின்றன. ஆகவே முன்பணம் கேட்டாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பதிவு எண் சரியாக இருந்து, ஒப்புதல் படிவமும் கைக்கு வந்துவிட்டால், அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருவதற்கு அனுமதி உண்டு. அங்கேயே கையெழுத்துப் போட அவசரப்படுத்துவது முறையன்று. செல்லின் மரபணுவில் நிலையாகப் பதியும் திருத்தங்களைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை எதிர்பார்க்கிறது. அந்தக் காலம் முழுவதும் யார் அழைத்துப் பரிசோதிப்பார்கள், நிறுவனம் இடையில் மூடப்பட்டால் பொறுப்பு யாருக்குப் போகும், திருத்திய செல்களை நீக்க வேண்டிவந்தால் எந்த முறையில் நீக்குவார்கள், இன்சுலின் செலவை அதுவரை யார் ஏற்பார்கள் என்ற நான்குக்கும் படிவத்தில் எழுத்தாக விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வு மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் விடையைப் படிவத்திலேயே எழுதித் தரும்படி கோருங்கள்.